ஒருநாள் கூப்பிட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேன்கனிக்கோட்டையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன புரட்டாசியில் மழை பெய்து மண் இளகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதி வாங்கிக்கொண்டு நாங்கள் இருபது பேர் பக்கத்திலுள்ள காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் உண்ணிச்செடி (லண்டானா என்கிற வெளிநாட்டுக் களை) பிடுங்கப் போனோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உண்ணிச்செடியை மேலாக அறுத்துவிட்டால் அடுத்த மழைக்கே ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்துவிடும். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்தான் முறையைக் காட்டினார். தூரைச் சுற்றி மண்ணைத் தள்ளி, தண்டும் வேரும் சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே கொத்தால் வெட்டி, செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், வெட்டிய இடம் மறுபடி மண்ணில் படக் கூடாது. கையுறையையும் மீறி முள் குத்தியது, சட்டையெல்லாம் அந்த இலையின் நெடி. மதியம் வரைக்கும் இருபது பேர் சுத்தம் செய்தது ரெண்டு வீட்டு மனை அளவுதான் இருக்கும். ஆனால் புதரைத் தூக்கிய இடத்தில் ஒரு புல் கூட இல்லாத வெறும் மண்ணைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மானும் காட்டெருமையும் மேய வேண்டிய இடம் அது. இந்தச் செடி மாட்டுக்கே விஷம், மேய்கிற விலங்குகள் பெரும்பாலும் வாய் வைக்காது. கோடையில் காய்ந்து நிற்கிற புதர் தரைத்தீயை மரக்கிளை வரைக்கும் ஏற்றிவிடும் என்றும் காவலர் சொன்னார்.

சரி, அன்றைக்குப் போட்டோ எடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், கலைந்தோம். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

தை மாதம் அதே காவலரோடு போய்ப் பார்த்தேன். நாங்கள் சுத்தம் செய்த இடத்தில் கொத்தமல்லிப் பாத்தி மாதிரி உண்ணி நாற்று. கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்றுவிட்டு வந்து உட்காரும் மரத்தடியில்தான் அதிகம். ரெண்டு விரலால் பிடுங்கினால் வேரோடு வருகிறது. கோடை மழை வந்துவிட்டால் அது விரலுக்கு வராது, அடுத்த வருஷம் கொத்து வேண்டும், அதற்கடுத்த வருஷம் கடப்பாரை. எவ்வளவு பாடுபட்டோம் அன்றைக்கு! மனசு ஆறவில்லை.

நாங்களாகவே போய்ப் பிடுங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், அது நியாயமும்கூட. கார்த்திகை, மார்கழியில் ராகிக்கு யானைகள் இறங்குகிற ஊர் இது. ஆள் துணை இல்லாமல் யாரும் காட்டுக்குள் போகக் கூடாது. அதனால்தான் வனத்துறையிடம் கேட்கிறேன். 2014-ல் அறிவித்த காவிரி வடக்குச் சரணாலயம் 504 சதுர கி.மீ., 2022-ல் அறிவித்த காவிரி தெற்கு 686 சதுர கி.மீ. இவ்வளவு பெரிய காட்டை இருக்கிற ஆட்களை மட்டும் வைத்துக் களையெடுக்க முடியுமா?

ஒவ்வொரு வனச்சரகத்திலும் தன்னார்வலர் பெயரை எழுதி வையுங்கள். எங்களுக்கென்று ஒரு சின்ன இடத்தை ஒதுக்கி, வருஷத்துக்கு மூணு நாலு தடவை அதே இடத்துக்கு அதே ஆட்களைக் கூப்பிடுங்கள். களையெடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவ வேண்டும், வெறும் மண்ணாக விட்டால் உண்ணிதான் முந்திக்கொள்ளும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பெரிய புதர் அகற்றும் வேலையைக் காட்டை ஒட்டிய அஞ்செட்டி, உரிகம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுத்தே செய்ய வேண்டும். சும்மா வருகிறோம் என்று எங்களைக் காட்டி அவர்கள் கூலியில் கை வைக்கக் கூடாது. எங்களால் ஆவது நாற்று பிடுங்குகிற தொடர்வேலை.

இப்போது மாசி. சித்திரை மழைக்கு முன்னால் ரெண்டு ஞாயிறு கொடுத்தால் அந்த நாற்றை முழுசாகப் பிடுங்கிவிடலாம். போன தடவை வந்தவர்களில் பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டேன், எல்லாரும் வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்