திருமயம் ரோட்டில் லாரியை நிறுத்திய அண்ணனுக்கு

திருமயம் தாண்டி, காரைக்குடிக்கு வரும் வழியில் எங்கள் வண்டியின் வெப்ப முள் சிவப்புக்கு ஏறி நின்றோமே, அங்கே இறங்கி வந்த லாரி அண்ணனுக்கு நன்றி. ரேடியேட்டர் மூடியில் கைவைத்த என் மச்சானை, "தம்பி, கைய எடு, மூஞ்சி வெந்துரும்" என்று அதட்டினீர்களே, அதற்குத் தனி நன்றி.

ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை, தூரம் போனால்தான் சூடு. இதற்கு முன் பார்த்தவர்கள் ஃபேனையே மாற்றிக் காசு பார்த்தார்கள். நீங்கள் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் ஹோஸ்களைத் தொட்டீர்கள். மேல் ஹோஸ் கொதித்தது, கீழ் ஹோஸ் வெறும் வெதுவெதுப்பு. "தெர்மோஸ்டாட் சரியாத் திறக்கலப்பா" என்றீர்கள். எஞ்சின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வாம் அது.

காரைக்குடியில் கழற்றி வெந்நீரில் போட்டார்கள், அரைகுறையாகத்தான் திறந்தது. புதுசு மாட்டியாச்சு.

டீக்குக்கூட நிற்கவில்லை நீங்கள். கானாடுகாத்தான் பக்கம் வந்தால் நம் வீட்டில் சாப்பிட்டுத்தான் போகணும்.