மாப்ள, டிவி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடு

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. புது வீட்டுக்குப் போனது, தங்கச்சிக்கு ப்ரமோஷன் வந்தது எல்லாம் நாலு வரில முடிச்சுட்டு மிச்சம் பூரா டிவி டிவின்னு எழுதியிருக்க, நீ மாறவே இல்லடா. தங்கச்சிகிட்ட என் வாழ்த்த சொல்லிடு, அந்தப் போஸ்டிங் அவங்களுக்கு எப்பவோ வந்திருக்கணும். அப்பாவுக்கு காது இன்னும் மந்தமாயிட்டே போகுதுன்னு எழுதியிருந்தியே, அதுக்கும் டிவிக்கும் சம்பந்தம் இருக்கு, கடைசில வரேன்.

இங்க அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் கேட்டராக்ட் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டு பிரிச்சு வீட்டுக்கு வந்து டிவி முன்னாடி உக்காந்தவங்க "என்னடா இது, நியூஸ் வாசிக்கிற பொண்ணு முகம் ஏன் நீலமா இருக்கு"ன்னாங்க. டிவி பழசாயிடுச்சு போலன்னு நான் நெனச்சேன், டாக்டர்கிட்ட கேட்டா பழைய லென்ஸ் வருஷக்கணக்கா மஞ்சளாகி ஒரு ஃபில்டர் மாதிரி நின்னுட்டு இருந்திருக்கு, அத எடுத்ததும் நீலம் முழுசா உள்ள போகுதுன்னாரு. இதுல இன்னொரு விஷயமும் இருந்துச்சு மாப்ள, டிவி செட்டிங்ஸ போய் பாத்தா கலர் டெம்பரேச்சர் 'கூல்'ல, அதாவது நீலம் தூக்கலா தெரியுற செட்டிங்ல கெடக்கு, வாங்கின நாள்லேர்ந்து அதுலயே ஓடிட்டு இருந்திருக்கு. 'வார்ம்'க்கு மாத்தினேன், மொத ரெண்டு நாள் வீட்ல எல்லாரும் மஞ்சளா இருக்குன்னு கத்துனாங்க, இப்ப யாராவது தெரியாம கூலுக்கு மாத்திட்டா அவங்களே ரிமோட்ட தூக்கிட்டு ஓடி வராங்க. கண்ணு எதுக்கு வேணா பழகிடும், அதனாலதான் கடைல அஞ்சு நிமிஷம் நின்னு பாத்து டிவி செலக்ட் பண்றது ரொம்ப ஆபத்து.

சரி உன் லிஸ்ட்டுக்கு வரேன். 65 இஞ்ச்ல சாதா 4கே எல்இடி ஒண்ணு, கிட்டத்தட்ட அதே விலைல 55 இஞ்ச் மினி எல்இடி ஒண்ணு, பட்ஜெட்ட தாண்டி 55 இஞ்ச் ஓஎல்இடி ஒண்ணு. மூணுலயும் 4கே இருக்கு, மூணுலயும் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவா காட்டுற முறை) இருக்கு, அப்புறம் ஏன் விலை இப்படி மாறுதுன்னு கேட்டிருக்க. அந்த ஸ்டிக்கர்ல இருக்கிற 4கேவ முதல்ல மறந்துடு மாப்ள. 3840க்கு 2160, அதாவது 83 லட்சம் பிக்சல், இன்னைக்கு பெரிய சைஸ்ல எத எடுத்தாலும் இது இருக்கு. நீ சோஃபாவுக்கும் சுவத்துக்கும் 9 அடின்னு எழுதியிருக்க, அந்த தூரத்துல 65 இஞ்ச்ல ஃபுல் எச்டி பிக்சலையே சாதாரண கண்ணால பிரிச்சு பாக்குறது கஷ்டம், அதுலயும் பாதி அகலம் தான் 4கே பிக்சல். அதுக்கு மேல 8கேன்னு ஒருத்தன் வந்து பேசினான்னா சிரிச்சுட்டு அடுத்த ரேக்குக்கு போயிடு.

நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், கருப்பு எவ்ளோ கருப்பா இருக்கு. படம் பளிச்சுன்னு இருக்கிறது, ஆழமா இருக்கிறது, கலர் எடுப்பா தெரியுறது எல்லாத்துக்கும் அடில இருக்கிறது காண்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் தான். சாதா எல்இடி டிவின்னா உள்ள எல்சிடி பேனல், அதுக்குப் பின்னாடி லைட். எல்சிடியால அந்த லைட்ட முழுசா மறைக்க முடியாது, கொஞ்சம் கசிஞ்சுட்டே இருக்கும், அதான் ராத்திரி லைட்ட அணைச்சுட்டு படம் பாத்தா கருப்பு எல்லாம் சாம்பல் கலர்ல தெரியுது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வீட்ல பெருசா ஒண்ணு வாங்கியிருக்காரு, ரொம்ப ஒல்லியான மாடல், லைட்ட ஓரத்துல மட்டும் வச்சிருக்கான். படம் முடிஞ்சு பேர் போடுறப்ப பாக்கணுமே, கருப்புல வெள்ளை எழுத்து மேல ஏறி வருது, நாலு மூலைலயும் புகை படிஞ்ச மாதிரி வெளிச்சம், எழுத்து நகர நகர அது இருக்கிற பட்டை முழுக்க சேந்து வெளுக்குது. அவருக்கு அது கண்ல படவே இல்ல, நானும் சொல்லல, பாவம் சந்தோஷமா இருக்கட்டும். ஆனா நீ ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் அத பாக்காம இருக்க முடியாது உனக்கு.

மினி எல்இடில என்ன பண்றான்னா அந்த பின்னாடி லைட்ட குட்டி குட்டியா பிரிச்சு ஜோன் ஜோனா கட்டுப்படுத்துறான். இருட்டா இருக்கிற இடத்துல லைட்ட இறக்கிடுவான், வெளிச்சமான இடத்துல ஏத்திடுவான். இந்த ஜோன் நூத்துக்கணக்குல இருந்து ஆயிரக்கணக்கு வரைக்கும் மாடலுக்கு மாடல் மாறும், விலை வித்தியாசத்துல பெரும்பங்கு இங்கதான் போகுது, ஆனா டப்பா மேல மினி எல்இடின்னு பெருசா போட்டுட்டு ஜோன் எத்தனன்னு எங்கயும் போட மாட்டான், அத நீதான் ரிவ்யூல தேடி எடுக்கணும். ஜோன் கம்மியா இருந்தா நிலா மாதிரி சீன்ல அத சுத்தி ஒரு ஒளி வட்டம் தெரியும். ஓஎல்இடில அந்தப் பிரச்சினையே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானா எரியுது, தானா அணையுது, அணைஞ்சா அது நிஜக் கருப்பு. முன்னாடி பிளாஸ்மா இருந்துச்சே ஞாபகம் இருக்கா, 2013, 2014லயே பெரிய கம்பெனிங்க எல்லாம் ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க, அந்த கருப்ப நான் ரொம்ப நாள் மிஸ் பண்ணேன், ஓஎல்இடி வந்தப்புறம் தான் ஆறுதல்.

அப்ப ஓஎல்இடியே வாங்கிடலாமேன்னு கேப்ப, உன் வீட்டுக்கு நான் வேணாம்னு தான் சொல்வேன். ஒண்ணு, அப்பா காலைல எழுந்ததுல இருந்து ஒரே நியூஸ் சேனல், கீழ பட்டை ஓடுது, மூலைல லோகோ அசையாம நிக்குது. ஓஎல்இடில ஒரே எடம் வருஷக்கணக்கா ஒரே மாதிரி எரிஞ்சா அந்த பிக்சல் சீக்கிரம் மங்கி லோகோ தழும்பா தங்கிடும். இப்ப வர்ற செட்ல பிக்சல நகத்துறது, லோகோவ மங்க வைக்கிறதுன்னு நிறைய பாதுகாப்பு இருக்கு, படம் மட்டும் பாக்குறவனுக்கு கவலையே இல்ல, ஆனா தினம் பாதி நாள் ஒரே சேனல்னா நான் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன். ரெண்டு, டிவிக்கு நேர் எதிர்ல பெரிய ஜன்னல்னு சொல்லியிருக்க, பகல்ல மேட்ச் பாக்குறப்ப வெளிச்சத்தோட மல்லுக்கட்ட ஸ்கிரீன்ல வலு வேணும், அதுல மினி எல்இடி தான் கெத்து. அதோட ஜன்னலுக்கு ஒரு கனமான திரைச்சீலை போடு, எவ்ளோ காசு கொட்டி வாங்குன டிவியா இருந்தாலும் இதுக்கு ஈடு வராது.

சைஸுக்கு வரேன். டயகனல், அதாவது மூலைக்கு மூலை அளவ 1.6ஆல பெருக்கு, அதுதான் வசதியா உக்கார வேண்டிய தூரம். 55க்கு 88 இஞ்ச், அதாவது 7 அடிக்கு கொஞ்சம் மேல, 65க்கு 104 இஞ்ச், ஏறக்குறைய 8.7 அடி. உன்னோட 9 அடிக்கு 65 தான் சரி, இதுல நீ நெனச்சது ரைட்டு. 55க்கும் 65க்கும் பத்து இஞ்ச் தானேன்னு தோணும், ஆனா பரப்பளவுல 40 சதவீதம் அதிகம்டா, பாத்தாலே தெரியும். ஒண்ணு மட்டும், 65 இஞ்ச் டிவி அகலம் 144 சென்டிமீட்டர், கால் ரெண்டும் நெறைய மாடல்ல ஓரத்துக்கு ஓரம் வச்சிருப்பான், உன் பழைய மர ஸ்டாண்டு அந்த அகலத்துக்கு வருமா பாரு, இல்லனா சுவத்துல மாட்டணும். மாட்டுறதா இருந்தா ரொம்ப மேல மாட்டிடாத, உக்காந்தா கண்ணு ஸ்கிரீன் நடுவுக்கு பக்கத்துல வரணும், லிவிங் ரூம்ல சாமி படம் ஒசரத்துக்கு மாட்டிட்டு கழுத்து வலின்னு சொல்ற ஆளுங்கள நெறைய பாத்துட்டேன்.

இப்ப ஸ்டிக்கர்ல இருக்கிற மத்த வார்த்தைங்க. க்யூஎல்இடின்னா ஓஎல்இடி மாதிரி ஏதோன்னு நெனச்சுடாத, அது எல்சிடி தான், நடுவுல குவாண்டம் டாட்னு ஒரு லேயர், கலர் நல்லா வரும், கருப்பு வராது. எச்டிஆர்னு போட்டிருந்தா அந்த சிக்னல வாங்கிக்கும்னு மட்டும் தான் அர்த்தம், நெறைய எச்டிஆர் படங்கள 1000 நிட்ஸ் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி தயார் பண்றாங்க, உன் லிஸ்ட்ல இருக்கிற அந்த சாதா 65 மாதிரி டிவிங்க 300 பக்கத்துல நின்னுடும், சில சமயம் எச்டிஆர் போட்டா முன்ன விட இருட்டாவே தெரியும். 10 பிட் பேனலான்னு கேளு, 8 பிட்டுக்கு 1.67 கோடி கலர், 10 பிட்டுக்கு 107 கோடி, வானம் மாதிரி மெதுவா மாறுற இடத்துல பட்டை பட்டையா தெரியாம இருக்க இது உதவும். ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு எத்தன தடவ ஸ்கிரீன் புதுப்பிக்குதுங்கிற விஷயத்துல தான் ரொம்ப கூத்து, 'மோஷன்'னு முன்னாடி ஏதோ ஒரு பேர சேத்து 240ன்னு போடுவான், உள்ள பேனல் 60 தான் இருக்கும், 'நேட்டிவ்' எவ்ளோன்னு அழுத்தி கேளு. படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், 120ல அது மிச்சமில்லாம அஞ்சு தடவையா பிரியும், 60ல சரியா பிரியாது, அதனால கேமரா மெதுவா திரும்புற சீன்ல ஒரு சின்ன தடுமாற்றம் தெரியும். பையன் கேம் கன்சோல் வச்சிருக்கான்ல, அவனுக்கும் 120 வேணும், எச்டிஎம்ஐ 2.1 போர்ட் (கன்சோல் கேபிள் சொருகுற எடம்) இருக்கணும், இல்லனா அந்த கன்சோலோட முழு வேகம் வீண்.

ஆங், பக்கத்துல இருந்து பாக்குறது பத்தி கேட்டிருந்த. எல்சிடில விஏ, ஐபிஎஸ்னு ரெண்டு வகை பேனல், விஏல காண்ட்ராஸ்ட் 3000க்கு 1, அதுக்கு மேல கூட வரும், ஐபிஎஸ்ல 1000 பக்கம், ஆனா பக்கவாட்டுல உக்காந்தா ஐபிஎஸ் தான் கலர் வெளுக்காது. அப்பா கட்டில் ஓரத்துல கெடக்கிறதால ஐபிஎஸ் வாங்கலாமான்னு யோசிக்கிற. அவர் நியூஸ் தானடா பாக்குறாரு, கலர் கொஞ்சம் வெளுத்தா என்ன ஆயிடும், விஏவே எடு. ஒரே மாடல் பேர்ல 55க்கு ஒரு பேனல் 65க்கு வேற பேனல் வர்றதும் உண்டு, அதனால ரிவ்யூ படிக்கிறப்ப எந்த சைஸ டெஸ்ட் பண்ணாங்கன்னு பாத்துக்கோ.

ஆக என் தீர்ப்பு, உன் மூணுல எதுவும் வேணாம், போன வருஷ மாடல்ல 65 மினி எல்இடி தேடு. கம்பெனிங்க ஜனவரில லாஸ் வேகஸ்ல நடக்கிற சிஇஎஸ்ங்கிற எலக்ட்ரானிக்ஸ் ஷோவுல புது மாடல காட்டுவாங்க, அடுத்த சில மாசத்துல அது கடைக்கு வரும், அப்ப பழைய ஸ்டாக்க தள்ளி விடுவாங்க. ஒரு வருஷத்துல பெருசா ஒண்ணும் மாறிடாது, விலை மட்டும் நல்லா இறங்கும். அது கிடைக்கவே இல்லனா 55 மினி எல்இடிய எடுத்துட்டு சோஃபாவ ஒரு அடி முன்னாடி தள்ளு, அந்த பெரிய சாம்பல் கலர் 65 மட்டும் வேணாம். ஸ்மார்ட் அது இதுன்னு அதிகமா காசு குடுக்காத, உள்ள இருக்கிற சாப்ட்வேர் நாலு வருஷத்துல திணற ஆரம்பிச்சுடும், அப்ப ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி சொருகிக்கலாம், பேனல அப்படி மாத்த முடியாது.

கடைக்குப் போறப்ப ஒரு பென் டிரைவ் எடுத்துட்டு போ. அவன் போடுற பூ, மீன், பட்டாம்பூச்சி வீடியோ எல்லாம் எந்த டிவிலயும் சூப்பரா தான் இருக்கும், மேல ட்யூப்லைட் வெளிச்சத்துல கருப்பும் தெரியாது. நீ ஒரு இருட்டு சீன், படம் முடியுற பேர் போடுற எடம், ஒரு மேட்ச் கிளிப் மூணையும் வச்சிரு. ரிமோட்ட கேட்டு வாங்கி 'விவிட்'லேர்ந்து 'சினிமா' இல்ல 'ஃபிலிம்மேக்கர் மோட்'க்கு மாத்தி பாரு, 2019ல அறிவிச்ச மோட் இது, நிறைய பிராண்ட்ல வந்துடுச்சு, படம் சீரியல் மாதிரி வழவழன்னு ஓடுறத இது நிறுத்திடும். சேல்ஸ் பையன் மொறைப்பான், மொறைக்கட்டும்.

அப்பா காது விஷயம். டிவி ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கர் எல்லாம் கீழ்ப் பக்கம் போயிடுச்சு, வசனம் தெளிவா கேக்காம தான் அவர் சவுண்ட ஏத்துறாரு, நீ கோவப்படுற. பட்ஜெட்ல ஒரு பங்க ஒதுக்கி சவுண்ட்பார் வாங்கு, சென்டர்ல வசனத்துக்குன்னு தனி ஸ்பீக்கர் இருக்கிறதா பாத்து வாங்கு, டிவில 'இஆர்க்'னு எழுதியிருக்கிற எச்டிஎம்ஐ போர்ட்ல சொருகினா ஒரே ரிமோட்ல ரெண்டும் வேலை செய்யும். இல்ல அவருக்கு மட்டும் ப்ளூடூத் ஹெட்போன் போதும்னா அப்பவும் டிவி ஸ்பீக்கர், ஹெட்போன் ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுமான்னு கேட்டுக்கோ, எல்லா டிவிலயும் ஓடாது.

ஸ்டாண்டு அகலத்த அளந்து எழுது, தேடி வச்சிருக்கிற மாடல் பேரயும் எழுது, ரிவ்யூ நான் பாத்து சொல்றேன். அப்பாவுக்கு என் வணக்கம், அம்மா உன்ன கேட்டதா சொல்ல சொன்னாங்க.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சு பார்ட்னர்

பி.கு: டிவி வந்ததும் டப்பாவ உடனே தூக்கிப் போட்டுடாத. ஸ்கிரீன் பூரா ஒரே சாம்பல் கலர் வர்ற மாதிரி ஒரு வீடியோ போட்டு கறை, செத்த பிக்சல் ஏதாவது இருக்கான்னு பாரு, இருந்தா அன்னைக்கே ஃபோன் பண்ணி மாத்தச் சொல்லு. கொண்டு வர்றப்பவும் படுக்க வைக்காம நிமித்தியே கொண்டு வரச் சொல்லு.