மலைக்கு ஸ்கோர் அனுப்புகிறவர்களுக்கு

அன்புள்ள இசையமைப்பாளத் தம்பி தங்கைகளே,

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். டிசம்பர் கச்சேரிக்காக நீங்கள் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து கணினியில் எழுதும் ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களும் சேர்ந்த முழு இசைத்தாளை வாங்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியான தாளாகிய பார்ட்களை அச்செடுத்து ஸ்டாண்டில் வைக்கிற ஆள் நான். வயோலாவும் வாசிப்பேன். தப்பு நடந்தால் இரண்டு பக்கமும் அடி எனக்குத்தான்.

போன வருஷம் ஒன்று வந்தது. யாருடையது என்பது வேண்டாம். கணினியில் ஓட விட்டால் அமிர்தம். முதல் வயலின் பார்ட்டில் இரண்டாம் பக்கம் முடிந்த இடமோ, செமிகுவேவர்கள் என்கிற வேக ஸ்வரங்கள் பறக்கிற வரியின் நட்டநடுவில். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். உள்பக்கம் இருப்பவர்தான் வில்லை நிறுத்திவிட்டுத் தாளைப் புரட்ட வேண்டும். எங்களிடம் முதல் வயலின் மொத்தமே ஆறு பேர். மூன்று பேர் ஒன்றாக நின்றார்கள். பனி ஈரத்தில் தாள் வேறு ஒட்டிக்கொண்டது. பொங்கி எழ வேண்டிய இடத்தில் சத்தம் பாதியாகிப்போனது. ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் என்னைத்தான் முறைத்தார்.

ரெஸ்ட், அதாவது வாசிக்காமல் நிற்கும் இடைவெளி வருகிற இடத்தில் பக்கத்தை முடியுங்கள். கீழே அரைப் பக்கம் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை, பேஜ் பிரேக் போட்டுவிடுங்கள். ஸ்கோர் எழுதும் மென்பொருள் மியூஸ்ஸ்கோரோ சிபேலியஸோ டோரிகோவோ, எதுவானாலும் ஒரு நிமிஷ வேலை. ஸ்கோர் அழகாக அமைந்துவிட்டால் பார்ட்டும் தானாக அமைந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஸ்கோரைப் பார்ப்பவர் ஒருவர். பார்ட்டைப் பார்த்து வாசிப்பவர்கள் மற்ற எல்லோரும்.

இன்னொன்று, அளவு. ஸ்வரங்களை எழுதும் ஸ்டாஃபின் ஐந்து கோடுகளும் சேர்ந்து 7 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். ஏ3 தாளுக்கு அமைத்த பக்கத்தை இங்குள்ள ஜெராக்ஸ் கடையில் ஏ4-க்குச் சுருக்கினால் 71 சதவீதமாகிறது. உங்கள் 7 மில்லிமீட்டர் 5 ஆகிவிடும். மாலை ஐந்தரைக்கு மூடுபனி இறங்கி, டியூப்லைட் கண்ணடிக்கிற ஹாலில், அறுபது வயது செல்லோக்காரர் அதைத் தடவித்தான் பார்க்க வேண்டும். பார்ட் என்றால் முதலிலேயே ஏ4-க்கு அமையுங்கள்.

கிளாரினெட் பார்ட்டைக் கன்சர்ட் பிட்சிலேயே, அதாவது காதில் கேட்கும் ஸ்வரத்திலேயே விட்டு அனுப்புவது ஆண்டுதோறும் நடக்கிறது. பி ஃபிளாட் கிளாரினெட்டில் சி வாசித்தால் பி ஃபிளாட்தான் கேட்கும். எஃப் ஹார்ன் என்றால் அதே சி-க்குக் கீழே இருக்கும் எஃப் கேட்கும். மென்பொருளில் கன்சர்ட் பிட்ச் பொத்தானை அணைத்துவிட்டுப் பிடிஎஃப் எடுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஹார்ன்காரருக்கு 37 பார் (தாளக் கட்டம்) ரெஸ்ட் கொடுக்கிறீர்கள். கொடுங்கள். ஆனால் குளிரில் விரல் விறைத்த மனிதர் எண்ணிக்கொண்டே இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைசி இரண்டு மூன்று பாரில் ஓபோ வாசிப்பதைச் சின்ன எழுத்தில் க்யூவாகப் போட்டால், அதைக் கேட்டு உள்ளே வந்துவிடுவார். ஒத்திகையில் இடத்தைக் குறிக்கப் போடும் ஏ, பி, சி என்கிற ரிகர்சல் எழுத்துகள் ஸ்கோரிலும் பார்ட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். "டி-யிலிருந்து" என்று கண்டக்டர் சொன்னால் பாதிப்பேர் வேறு டி-க்குப் போகக் கூடாது.

ஃபினாலே என்கிற மென்பொருளில் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டிலேயே அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். பழைய கோப்புகளை, மற்ற மென்பொருள்களிலும் திறக்கிற மியூசிக்எக்ஸ்எம்எல்லாக எடுத்து வையுங்கள். அதில் ஸ்வரங்கள் வந்து சேரும். நீங்கள் பார்த்துப் பார்த்து நகர்த்திய ஸ்லரும் (ஸ்வரங்களைச் சேர்க்கும் வளைகோடு) டைனமிக்ஸும் (சத்தத்தின் அளவுக் குறிகள்) அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு அனுப்பும்போது கூடவே பிடிஎஃப்பும் வேண்டும்.

அனுப்புமுன் ஒரே ஒரு பார்ட்டை அச்செடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். ரிகர்சல் திங்கட்கிழமை. ஞாயிறன்று ஜெராக்ஸ் கடை திறக்காது. வெள்ளிக்குள் என் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பார்ட்களை ஒட்டித் தைக்கும் வயோலாக்காரன்