'உருளைக்கிழங்கு' என்று சொன்னவருக்கு

பெர்லின், வெட்டிங்
1949 மே 14

போன ஜூனிலிருந்து சோவியத் படை எங்கள் மேற்கு பெர்லினுக்கு வரும் ரயிலையும் சாலையையும் அடைத்து வைத்திருந்தது. முந்தாநாள் நள்ளிரவு தாண்டியதும் பாதை திறந்தது. நேற்றிரவு என் மகள் விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தாள். நான் திட்டவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஏராளம். முதலில், அடைப்புக் காலம் முழுக்க எங்களுக்கு உணவும் கரியும் வான்வழியே கொண்டுவந்த விமானிகள். உயிரை விட்டவர்களும் அவர்களில் உண்டு. நான்கு வருஷத்துக்கு முன் இதே விமான இரைச்சல் கேட்டால் குண்டுக்குப் பயந்து நிலவறைக்கு ஓடுவோம். ஹாஃபெல் ஏரியில் இறங்கிய பிரிட்டிஷ் விமானங்களில் உப்புகூட வந்தது. உப்பிட்டவர்களை மறக்க முடியுமா? டேகல் விமானத் தளத்தில் என்னோடு இடிந்த வீட்டுக் கல்லைச் சுமந்து மூன்றே மாதத்தில் ஓடுதளம் போட்ட பெண்களுக்கும், மின்சாரம் இல்லாத நாட்களில் வேனில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி வாசித்த ரியாஸ் என்ற அமெரிக்கப் பகுதி வானொலிக்காரர்களுக்கும், "கரண்ட் வந்துவிட்டது, எழுந்து சமையுங்கள்" என்று இரவு இரண்டு மணிக்குச் சுவரைத் தட்டிய மேல்மாடிப் பாட்டிக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் இன்னொருவருக்கு. பெயர் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். எந்தத் தெரு, எந்தக் கிழமை என்பதும் வேண்டாம்.

மகளுக்கு இருமல் நிற்காத நேரம். பங்கீட்டுக் கரி தீர்ந்துவிட்டது. நகரின் சோவியத் பகுதியில் இருக்கும் அக்கா துணிப்பையில் கரிக்கட்டிகளை அடுக்கி, மேலே நாலு உருளைக்கிழங்கு பரப்பிக் கொடுத்தாள். எல்லையில் சோதனை. அன்றைக்கென்று பார்த்து ஜெர்மன் போலீஸோடு ஒரு ரஷ்யச் சிப்பாயும் நின்றார். அந்தத் தொப்பி நட்சத்திரத்தைப் பார்த்தாலே எனக்குக் கால் நடுங்கும். ஏன் என்று இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். பைக்குள் கையை விட்டார், அடிவரைக்கும். வெளியே எடுத்தபோது நாலு விரலும் கறுப்பு.

விரலைப் பார்த்தார். என் இடுப்பில் இருமிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, பின்னால் நின்ற அதிகாரிக்குக் கேட்கும்படி, "கர்த்தோஷ்கா!" என்றார். உருளைக்கிழங்காம். தலையால் 'போ' என்று காட்டினார்.

1945இல் தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்ட நாலு பேர், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத், இன்று ஒரே மேஜையில் உட்காருவதில்லை. போன வருஷம் மார்ச்சில் சோவியத் தளபதி சொகோலோவ்ஸ்கி, நாலு பேரும் சேர்ந்து ஜெர்மனியை ஆண்ட கட்டுப்பாட்டுக் குழுவை விட்டு எழுந்து போனார். ஜூனில் மேற்குப் பகுதிகளில் எங்களுக்குப் புது மார்க் நோட்டு வந்தது, அதற்குப் பதிலாக சோவியத் தரப்பு ரயிலை நிறுத்தியது. டேகலில் விமானத்துக்கு இடைஞ்சலாக நின்ற சோவியத் வானொலிக் கோபுரங்களை டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி வெடிவைத்துச் சாய்த்தார். நாங்கள் கைதட்டினோம், மறைக்கவில்லை. பெரியவர்கள் சண்டை பெரியவர்களோடு. அந்தப் பையனுக்கு அன்று மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவு தூக்கம் போகிறது.

என் வீட்டில் இனி யாரும் ரஷ்யரை 'இவான்' என்று பல்லைக் கடித்துச் சொல்லக்கூடாது என்றிருக்கிறேன். தெருவிலே எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. வீட்டுக்குள் முடியும்.

அக்காவின் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை துவைத்தும் அடிக்கறை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போகிறேன். உள்ளே கொஞ்சம் காபித்தூள். அந்தச் சிப்பாய் அங்கேயே நின்றால், பையைத் திறந்து காட்டி நானே சொல்வேன்: கர்த்தோஷ்கா.