சேர்ப்பது சரி, அப்புறம்?

ஆசிரியருக்கு,

லண்டன் மாநகரக் காவல்துறையில் சிறுபான்மையினரை அதிகம் சேர்க்கப் போவதாக அவ்வப்போது அறிவிப்பு வருகிறது. சேர்ப்பது சரி, அப்புறம்?

இந்தக் காவல்துறையின் உள்நிலையை ஆராய்ந்து லூயிஸ் கேசி 2023 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஒரு முஸ்லிம் அதிகாரியின் பூட்ஸுக்குள் பன்றி இறைச்சியைத் திணித்திருக்கிறார்கள். ஒரு சீக்கிய அதிகாரியின் தாடியைக் கத்தரித்திருக்கிறார்கள். எல்லாம் கூட வேலை பார்த்தவர்களின் கைங்கரியம்! கறுப்பின அதிகாரிகள் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கும் வாய்ப்பு வெள்ளை அதிகாரிகளைவிட 81 சதவீதம் அதிகம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இந்த நிலையில் யார் துணிந்து புகார் கொடுப்பார்?

1993இல் லண்டனின் எல்தம் பகுதியில் பேருந்துக்குக் காத்திருந்த 18 வயது கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ், வெள்ளை இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். தாக்குதலிலிருந்து தப்பிய நண்பரை, பாதிக்கப்பட்டவராகவே போலீஸ் நடத்தவில்லை. இந்தக் காவல்துறையில் நிறுவனமயமான இனவெறி இருக்கிறது என்று, அந்த வழக்கைப் போலீஸ் கையாண்ட விதத்தை ஆராய்ந்த முன்னாள் நீதிபதி மேக்பெர்சன் 1999இலேயே எழுதி, 70 பரிந்துரைகளும் கொடுத்தார். 24 வருஷம் கழித்து கேசியும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார். இடையில் எத்தனை காவல்துறை ஆணையர்கள் வந்து போனார்கள்!

ஆணையர் மேடையில் பேசுவது கீழே வரை எட்டுவதில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தலைமை என்றால் அவருடைய சார்ஜென்ட்தான். ஆகவே சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர் பதவி உயர்வைத் தீர்மானிக்கும்போது, அவர்களின் கீழ் இருந்த சிறுபான்மை அதிகாரிகளில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், வந்த புகார்கள் என்ன ஆயின என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

— ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்