மெய்ப்புப் பையைக் கொண்டுவந்து சேர்த்த ஆச்சிக்கு நன்றி

காரைக்குடியில் நாங்கள் நடத்தும் சிறிய பதிப்பகம், தன் எழுத்தாளர்கள் வாழ்க்கை, இறைநம்பிக்கை, எழுத்து ஆகியவை குறித்து எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிடவிருக்கும் நிலையில், அவர்கள் கைப்படத் திருத்திய ஒரே மெய்ப்புப் படி (அச்சிடுமுன் பிழை பார்க்கும் தாள்கள்) இருந்த மஞ்சள் பையைச் சென்ற வாரம் தேவகோட்டைப் பேருந்தில் மறந்து விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பை எங்கள் அச்சகத்துத் திண்ணையில் இருந்தது. கொண்டுவந்தவர் வயதான ஓர் ஆச்சி என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

பையைத் தந்ததோடு அவர் நிற்கவில்லை. காரைக்குடிக் கம்பன் கழகம் 1940இல் தொடங்கப்பட்டதாக ஒரு கட்டுரையில் இருந்ததைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் 1939 என்று எழுதியிருந்தார், அதுவே சரி. நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் வழிபடும் பங்குனி அத்த நட்சத்திர நாளை உத்திரம் என்று அச்சிட்டிருந்ததும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. மூவர் மெய்ப்புப் பார்த்தும் விட்ட பிழைகள் இவை (ஒற்று மிகுவதில் மட்டும் நாங்கள் கெட்டிக்காரர்கள்). கணவர் மறைந்த பின் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்ட எழுத்தாளர் ஒருவரின் கட்டுரையில் மட்டும் திருத்தம் எதுவுமில்லை. ‘எனக்கும் அப்படித்தான்’ என்றொரு வரி இருந்தது. அதை அந்த எழுத்தாளரிடம் காட்டியபோது அவர் வெகுநேரம் தாளைக் கீழே வைக்கவில்லை.

ஆச்சி, தை மாதம் புத்தகம் வருகிறது. தங்களுக்குரிய படியை அச்சகத்தில் எடுத்து வைத்திருப்போம்.