பற்றைக்கு நெருப்பு வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் பைன் காடு எரிகிற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் பதுளையில் இருக்கும் அக்காவின் ஞாபகம் வரும். 1977 கலவரத்தோடு நாங்கள் வன்னிக்கு வந்தோம். அக்கா அங்கே கலியாணம் முடித்திருந்ததால் நின்றுவிட்டா. அவவின் லயத்துக்கு மேலே மலை முழுக்கப் பைன். "இந்த மரம் வந்துதான் ஊற்று வற்றினது, எரிஞ்சு தொலைஞ்சாலும் நல்லம்" என்று சொல்லுவா.

எரிந்தால் தொலையுமா? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம் படிக்கும் என் பேத்தி தென்னாபிரிக்காவின் கதையைச் சொன்னாள். வெளிநாட்டிலிருந்து கொண்டுபோய் நட்ட பைன் அங்கே தானாகவே மலைகளுக்குப் பரவிவிட்டதாம். அதில் சில இனங்களின் காய்கள் பிசினால் ஒட்டி மூடியபடி வருடக்கணக்காக மரத்திலேயே கிடக்கும். நெருப்பு வந்தால் பிசின் உருகிச் செதில்கள் விரியும். காயின் தடித்த ஓடு உள்ளே இருக்கும் விதையைக் காப்பாற்றிவிடும். நெருப்பு தாண்டிப் போனபிறகுதான் சிறகுள்ள விதைகள் காற்றில் பறந்து சாம்பலில் விழும். அங்கே புல்லும் இல்லை, நிழலும் இல்லை, போட்டிக்கு ஒன்றுமே இல்லை. தாய்மரம் செத்த இடத்தில் கன்றுகள் நாற்றுமேடை மாதிரி எழும்பும்.

அதனால் அங்கே பைனை ஒழிக்க முதலில் மரத்தைத் தறிக்கிறார்கள். தறித்த மரத்தில் காய் காய்ந்து வெடித்து விதை கொட்டும், முளைக்கும். அந்தக் கன்றுகள் காய்க்கிற வயதுக்கு வருமுன், ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்துத்தான் நெருப்பு வைக்கிறார்கள். பைன் விதை மண்ணுக்குள் கனகாலம் உயிரோடு கிடக்காது என்பதால் இந்த வழி பலிக்கிறது.

மலையகத்தில் பெரும்பாலும் நட்டது கரீபியன் பைன். அதன் காய் திறக்க நெருப்புத் தேவையில்லை. ஆனாலும் முற்றிய மரம் தடித்த பட்டையால் தப்பிவிடும், கீழே தலைகாட்டும் நாட்டு மரக் கன்றுகள்தான் கருகும். அக்காவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தா.

பேத்தி சொல்லச் சொல்ல என் நெஞ்சு திக்கென்றது. எங்கள் ஒலுமடுக் காணியில் நான் செய்ததும் இதுதான்.

எண்பதுகளில் ஆட்டுக்குக் குழை வேண்டுமென்று வேலியோரம் இப்பில் இப்பில் என்ற மரத்தை விதைத்தேன். விதையின் தோல் கல் மாதிரி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அந்தச் சூட்டில் சில நிமிடம் போட்டெடுத்தால்தான் ஒழுங்காக முளைக்கும் என்று சொல்லித் தந்தார்கள். அப்படியே செய்தேன். பிறகு யுத்தம், இடப்பெயர்வு. 2010 இல் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கிணற்றடி முதல் வீட்டுப் படி வரை அந்த மரம்தான். தறித்துப் போட்டு, கச்சான் காற்றடிக்கிற நேரம் நெருப்பு வைத்தோம். மாரி மழை தொடங்கி இரண்டு கிழமைக்குள் கால் வைக்க இடமில்லாமல் முளைத்தது. மேலே கிடந்த விதை கருகியிருக்கும். ஆனால் மண்ணுக்குக் கொஞ்சம் கீழே கிடந்த விதைக்கு அந்த நெருப்பு என் கொதிதண்ணி மாதிரித்தான் பட்டிருக்கிறது. போதாததற்கு, பைன் விதை போலில்லாமல் இது மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால் தென்னாபிரிக்கா வழியும் எங்களுக்குச் சரிவராது.

உலகில் மிக மோசமாகப் பரவும் நூறு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் ஒரு பைன் இனமும் இருக்கிறது, எங்கள் இப்பில் இப்பிலும் இருக்கிறது.

ஆவணி, புரட்டாதியில் இங்கே பற்றை எரிப்பது வழக்கம். காற்று மாறினால் நெருப்பு காட்டுக்குள் போய்விடும். பாலையும் வீரையும் நெருப்புக்குப் பழகிய மரங்கள் அல்ல. எரிப்பு தொடங்குமுன் கமநல சேவை நிலையங்களில் விவசாயிகளைக் கூப்பிட்டு இதை எடுத்துச் சொல்லுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இப்பில் இப்பிலைக் காய் முற்றுமுன் தறிக்க வேண்டும். கட்டை திரும்பத் துளிர்க்கும், துளிரை ஆடு கடிக்கட்டும். முதல் மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது கன்றை வேரோடு பிடுங்கலாம், சின்னப் பிள்ளைக்கும் வரும்.

நாங்கள் மூன்று மாரியாகப் பிடுங்குகிறோம். கிணற்றடி வெளித்துவிட்டது. வேலிக்கரையில் இன்னும் நாலு மரம் நிற்கிறது, பூ வந்திருக்கிறது. இந்தக் கிழமை தறிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ஒலுமடு.